பழைய டீசல் லாரி என்ஜினுக்கு முறுக்கிப் பூட்டும் எண்ணெய் வடிகட்டி

கிழக்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத் தொடரும் நிற்க, இடையே பரந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளியில் விளையும் பொருள்கள் பலவகைப்பட்டன. ஒட்டன்சத்திரத்தைச் சுற்றித் தக்காளியும் முருங்கையும் வெங்காயமும், நத்தத்தில் மாங்காயும் புளியும், நிலக்கோட்டையில் மல்லிகையும், வேடசந்தூர்ப் பக்கத்தில் புகையிலையும், சிறுமலையில் வாழையும் விளைகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை விளைந்த ஊரிலேயே விலையாகிவிடுவன அல்ல. ஒட்டன்சத்திரம் சந்தையில் வந்து சேரும் காய்கறியில் பெரும் பங்கு கேரள நாட்டுக்குச் செல்கிறது. ஆகவே, விளைச்சல் எவ்வளவு நன்றாயிருப்பினும், அதைச் சுமந்து செல்லும் வண்டி வழியில் நின்றுவிட்டால் குடியானவருடைய உழைப்பு வீணாகும் என்பது யாவரும் அறிந்த விஷயம். தக்காளி மறுநாள் வரை காத்திராது. மல்லிகை மறு ஜாமம் வரை கூடக் காத்திராது.

இவ்வேலையில் ஈடுபட்டிருக்கும் வண்டிகள் யாவும் புதியன அல்ல. நெடுந்தூரப் பாதைகளில் ஓடி ஓய்ந்தபின், தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையே குறைந்த தூரம் ஓடும் பழைய லாரிகள் பல உண்டு. வண்டியின் சட்டம் பயனற்றுப் போன பின்பும், என்ஜினை மட்டும் கழற்றிக் கம்ப்ரஸருக்கோ ஜெனரேட்டருக்கோ பூட்டி வேலை வாங்குவோரும் உண்டு. இத்தகைய என்ஜின்களுள் பலவற்றில், இரும்புக் கிண்ணத்துக்குள் வடிகட்டித் துண்டை வைத்து, நடுவில் ஒரு நீண்ட போல்ட்டால் இறுக்கும் பழைய அமைப்பே காணப்படுகிறது. அதை நீக்கிவிட்டு, தகர டப்பாவைப் போன்ற வடிகட்டியைக் கையால் முறுக்கிப் பூட்டும் புதிய அமைப்பை வைத்துக்கொள்வது இப்போது பரவி வருகிறது. இதைப் பட்டறைகளில் ஸ்பின் ஆன் பில்டர் என்பர்.

இம்மாற்றம் நல்லதே. ஆயினும் “மரை பொருந்திற்று; ஆகவே வடிகட்டியும் பொருந்திற்று” என்று எண்ணிச் செய்தால், சில நூறு ரூபாய்ப் பொருளினால் கிராங்க் ஷாப்டையே இழக்க நேரிடும். மாற்றத்தில் கவனிக்க வேண்டியவை எவை என்பது இங்கே விளக்கப்படுகிறது.

எண்ணெயும் வடிகட்டியும் செய்யும் வேலை

ஓடும் என்ஜினில் கிராங்க் ஷாப்ட் பேரிங்கின்மீது உராய்ந்து சுழலுவதில்லை. இரண்டுக்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. ஷாப்ட் அதன்மேல் மிதந்து சுழல்கிறது. அதிகச் சுமை இழுக்கும் நேரத்தில் அப்படலத்தின் கனம் சில மைக்ரான் அளவே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பாகம். மனிதனுடைய தலைமயிர் சுமார் 70 மைக்ரான் பருமன் உள்ளது. ஆகையால் கண்ணுக்குப் புலப்படாத மணற்பொடிகூட இப்படலத்தினிடையே புகுந்தால், உழுபடையைப் போல் உலோகத்தைக் கீறிச் செல்லும்.

இந்தத் தூசு எண்ணெயில் எவ்வாறு சேருகிறது? முதலாவது, காற்றின் வழியாக. ஆடி மாதத்துக் காற்றில் இச்சமவெளியின் செம்மண் பாதைகளில் எழும் புழுதி எவ்வளவு என்பதை இங்குள்ளோருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. காற்று வடிகட்டியில் சிறு பழுது இருப்பினும் அப்புழுதி சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டன் வளையங்களைத் தேய்த்து, கீழே எண்ணெயில் கலந்துவிடும். இரண்டாவது, என்ஜினிலேயே தேய்ந்து உதிரும் உலோகத் துகள். மூன்றாவது, டீசல் எரிவதனால் உண்டாகும் கரி.

இவற்றுள் முதலிரண்டையும் வடிகட்டி பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். கரியின் துகளோ தனித்திருக்கும்போது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதைச் சாதாரணக் காகித வடிகட்டி பிடிப்பதில்லை. டீசல் என்ஜினின் எண்ணெய் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடுவதற்குக் காரணம் இதுவே. எண்ணெய் கறுத்தது என்பதனால் வடிகட்டி கெட்டுவிட்டது என்று கொள்ளலாகாது. அதுபோலவே, புதிய வடிகட்டி பூட்டியிருக்கிறது என்பதனால் எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடவும் கூடாது.

வடிகட்டி வளர்ந்த விதம்

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் தமது என்ஜினை 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அக்காலத்து என்ஜின்களில் எண்ணெயை வடிகட்டக் கம்பி வலைக்கு மேற்பட்ட சாதனம் இல்லை. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் 1923-இல் பியூரோலேட்டர் என்னும் எண்ணெய் வடிகட்டியைக் கொணர்ந்தார். அக்காலத்து வடிகட்டிகளில் எண்ணெயின் ஒரு சிறு பகுதியே வடிகட்டிக்குள் சென்று திரும்பும். எஞ்சியது வடிகட்டாமலே பேரிங்குகளுக்குப் போகும். பிறகு, பம்பிலிருந்து வரும் எண்ணெய் முழுவதும் வடிகட்டியின் வழியாகவே செல்லும் முழு ஓட்ட அமைப்பு பரவிற்று. முறுக்கிப் பூட்டும் டப்பா வடிகட்டி அமெரிக்காவில் 1950-களின் நடுவில் வெளிவந்தது.

நம் நாட்டில் டீசல் லாரித் தொழில் வேரூன்றியதும் அக்காலத்திலேயே. சென்னையில் 1948-இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியுடன் சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. டாட்டா கம்பெனி 1954-இல் ஜெர்மனியின் மெர்ஸிடிஸ் பென்ஸ் லாரிகளை இங்கே செய்யத் தொடங்கிற்று. அந்த ஒப்பந்தம் 1969-இல் முடிவுற்றது. சென்னை சிம்ப்ஸன் கம்பெனியார் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின்களை 1950-கள் முதல் செய்துவந்தனர். அயல்நாட்டு மூலத்தை ஒட்டி அமைந்ததனால், அக்கால என்ஜின்களில் கிண்ண வடிகட்டியே வழக்கமாயிருந்தது. அதே வம்சத்து என்ஜின்களின் பிற்கால மாதிரிகள் சிலவற்றில் டப்பா வடிகட்டி இடம் பெற்றது. மாற்றம் செய்ய விரும்புவோருக்கு இது பெரிய சௌகரியம். அதன் காரணம் பின்னர் விளங்கும்.

கிண்ண வடிகட்டியின் நிறை குறைகள்

கிண்ண வடிகட்டி தன்னளவில் மட்டமான சாதனம் அன்று. நல்ல துண்டு போட்டு, முறையாகப் பூட்டினால் டப்பா வடிகட்டி எவ்வளவு சுத்தம் செய்யுமோ அவ்வளவு இதுவும் செய்யும். துண்டின் விலையும் குறைவு. எறியப்படும் தகரமும் இல்லை. கழற்றிய துண்டை விரித்துப் பார்த்து, பேரிங்கின் உலோகத் துகள் மின்னுகிறதா என்று சோதிப்பதும் இதில் சுலபம். இக்காலத்துப் புதிய மோட்டார் கார்கள் சிலவற்றில் உற்பத்தியாளர்கள் மறுபடியும் துண்டு வடிகட்டிக்கே திரும்பியிருப்பதையும் கவனிக்கலாம்.

இதன் குறை பூட்டும்போது நேரும் பிழைகளில் இருக்கிறது. கிண்ணத்தின் வாய் பொருந்தும் பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புதிய வளையத்தை வைத்துவிடுதல் அடிக்கடி நிகழ்கிறது. அப்போது எண்ணெய் கசியும்; சில வேளை வளையம் பிதுங்கி எண்ணெய் பீறிட்டு வரும். கிண்ணத்தின் அடியிலுள்ள ஸ்பிரிங், வாஷர், சிறு ரப்பர் முதலியவற்றுள் ஒன்று கழிவெண்ணெயோடு சேர்ந்து கொட்டப்பட்டுவிட்டால், துண்டு தன் இடத்தில் அழுந்தி நில்லாது. எண்ணெய் அதைச் சுற்றிக்கொண்டு வடிகட்டப்படாமலே செல்லும். இப்பிழைக்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாது. நடுப் போல்ட்டைப் பலமுறை இறுக்கியதால் மரை அழிந்திருப்பதும், அளவு சரியான துண்டு கடையில் கிடையாமல் வேறொன்றைப் போட்டுச் சமாளிப்பதும் பழைய வண்டிகளில் காணப்படுவனவே.

இந்தக் குறைகள் இல்லாத வண்டிக்கு மாற்றம் அவசியமில்லை. துண்டு தாராளமாகக் கிடைத்து, கிண்ணம் கசியாமல், பூட்டுகிறவர் கை தேர்ந்தவராயிருந்தால் இருப்பதையே வைத்துக்கொள்வது நலம். துண்டு கிடைப்பது அரிதாகி, கிண்ணமோ மரையோ பழுதுபட்டிருந்தால் மாற்றத்தை யோசிக்கலாம்.

மாற்றுவதற்கு மூன்று வழிகள்

முதல் வழி, வடிகட்டியின் தலை முழுவதையும் மாற்றுதல். வடிகட்டி பூட்டப்படும் வார்ப்பு இரும்புப் பாகத்துக்குத் தலை என்று பெயர். அதே வகை என்ஜினின் பிற்கால மாதிரியில் டப்பா வடிகட்டி இருந்தால், அதன் தலை பழைய என்ஜினிலும் பொருந்துகிறதா என்று பார்த்தல் வேண்டும். போல்ட்டுத் துளைகள் மட்டுமல்ல, எண்ணெய் செல்லும் துளைகளும் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமைய வேண்டும். அவ்வாறு அமைந்தால் இதுவே எல்லாவற்றிலும் சிறந்த வழி. என்ஜினை வகுத்தவர்களே ஓட்டத்தையும் வால்வையும் கணக்கிட்டுச் செய்த பாகம் ஆகையால் ஐயத்துக்கு இடமில்லை.

இரண்டாவது வழி, பழைய தலையை வைத்துக்கொண்டு, கிண்ணம் இருந்த இடத்தில் ஒரு வட்டமான இடைத் தகட்டைப் பூட்டுதல். தகட்டின் மேற்பக்கம் பழைய பள்ளத்தில் பொருந்தும். கீழ்ப்பக்கம் டப்பாவின் ரப்பர் வளையம் அமரச் சமமாகக் கடையப்பட்டிருக்கும். நடுவில் துளையுள்ள மரைக்குழாய் ஒன்று நிற்கும். லேத்துப் பட்டறையில் செய்யக்கூடியதே. ஆனால் வரைபடமின்றிக் கண்மதிப்பால் செய்யத்தக்கதன்று.

மூன்றாவது வழி, தலையிலிருந்து இரண்டு குழாய்களை எடுத்துச் சென்று, சட்டத்தில் வேறோரிடத்தில் வடிகட்டியைப் பொருத்துதல். கை எட்டாத இடத்தில் வடிகட்டி இருக்கும் என்ஜின்களுக்கு இது உதவும். ஆயின் குழாயும் இணைப்பும் கூடுகின்றன. ஒவ்வோர் இணைப்பும் கசிவுக்கு ஒரு வாசல். தண்ணீர்க் குழாயையோ டீசல் குழாயையோ கிளிப் போட்டு மாட்டுதல் பெரும் அபாயம். சூடான எண்ணெயையும் அழுத்தத்தையும் தாங்கும் ஹைட்ராலிக் குழாயே வேண்டும். புகைக்குழாயின் சூடு படாமலும், சட்டத்தில் உராயாமலும் அதைக் கட்டிவைத்தல் வேண்டும்.

மாற்றுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய ஐந்து

(1) எண்ணெய் ஓடும் திசை. டப்பா வடிகட்டியில் ஓரத்திலுள்ள சிறு துளைகளின் வழியாக அழுக்கு எண்ணெய் உட்புகுந்து, காகிதத்தைக் கடந்து, நடு மரைத்துளையின் வழியாகச் சுத்தமாய் வெளிவருகிறது. பெரும்பாலான கிண்ண வடிகட்டிகளிலும் ஓட்டம் இதே திசையில்தான். எனினும் தலையைக் கழற்றி, பம்பிலிருந்து வரும் துளை எது, பேரிங்குக்குப் போகும் துளை எது என்று கண்டறிந்த பின்பே துணிதல் வேண்டும். திசை மாறினால் டப்பாவிலுள்ள ஒருவழி ரப்பர் ஓட்டத்தைத் தடுக்கும். காகிதம் உப்பிக் கிழியும். குழாய் வைத்து மாற்றும் மூன்றாவது வழியில் இரு குழாய்களையும் இடம் மாற்றி மாட்டிவிடும் பிழைக்கு மிகவும் இடமுண்டு.

(2) துளையின் அளவு. கிண்ணத்தின் நடுப் போல்ட்டு சில தலைகளில் மிகவும் ஒல்லியானது. எண்ணெய் அதன் உள்ளே செல்வதில்லை, அதைச் சுற்றிச் செல்கிறது. அந்த ஒல்லியான மரையில் மரைக்குழாயைப் பூட்டி, அதன் சிறு துளை வழியாகவே எண்ணெய் முழுவதையும் விட்டால் பேரிங்குகள் பட்டினி கிடக்கும். துளையின் விட்டம் பாதியானால் எண்ணெய் செல்லும் பரப்பு காற்பங்காகிவிடும் என்பதை மறக்கலாகாது. இத்தகைய தலைக்கு இடைத் தகடு ஏற்றதன்று. முதல் வழியையே நாட வேண்டும்.

(3) மரையும் வளையமும். டப்பா வடிகட்டிகளில் பல மரைகள் வழங்குகின்றன. அங்குலத்துக்கு 16 பல் உள்ள முக்கால் அங்குல மரை ஒன்று, 1.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள 20 மில்லிமீட்டர் மரை ஒன்று. பெரிய டீசல் என்ஜின்களுக்கு 1 அங்குலம், 1½ அங்குலம் முதலியவை. இவற்றுள் முதலிரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். ஆகையால் 20 மில்லிமீட்டர் மரையுள்ள டப்பாவை முக்கால் அங்குலக் குழாயில் முறுக்கினால் அது ஏறும். இறுகியது போலவும் தோன்றும். உண்மையில் பற்களின் நுனி மட்டுமே பிடித்திருக்கும்.

அந்நுனிகள் தாங்க வேண்டிய பாரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டப்பாவின் ரப்பர் வளையம் 4 அங்குல விட்டமுள்ளதாயின், அதற்குட்பட்ட பரப்பு சுமார் 12½ சதுர அங்குலம். எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 ராத்தலாயிருந்தால், டப்பாவைக் கீழே தள்ளும் விசை சுமார் 750 ராத்தல். அதாவது 340 கிலோ. காலையில் எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும்போது விசை இன்னும் ஏறும். அரைகுறையாகப் பிடித்த மரை ஒரு நாள் நழுவும். ஆறு சிலிண்டர் லாரி என்ஜினில் இருக்கும் 10 முதல் 16 லிட்டர் எண்ணெயைப் பம்பு ஓரிரு நிமிஷங்களிலேயே சாலையில் கொட்டிவிடும். சுமையோடு செல்லும் டிரைவர் மீட்டரைக் கவனித்து உடனே நிறுத்தாவிட்டால் பேரிங்கு உருகிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மரையை மரையளவுத் தகடு வைத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். ரப்பர் வளையம் முழுவதும் சமமான தளத்தின்மேல் அமர்வதும், ஓரத்தில் தொங்காமலிருப்பதும் அவ்வளவே முக்கியம்.

(4) மாற்று வழி வால்வு. வடிகட்டி அடைத்துக்கொண்டாலும், எண்ணெய் குளிர்ந்து தடித்திருந்தாலும், பேரிங்குகளுக்கு எண்ணெய் போவது நிற்கக் கூடாது. அழுக்கு எண்ணெயாயினும் எண்ணெய் இல்லாமையைவிட மேலானது. இதற்காகவே, வடிகட்டியின் இரு பக்கத்து அழுத்த வித்தியாசம் ஓர் அளவுக்கு மேற்பட்டால் திறந்துகொள்ளும் வால்வு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பல வடிகட்டிகளில் இது சுமார் 1 முதல் 2½ பார் வித்தியாசத்தில் திறக்கும். பம்பின் மொத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு வேறு, இது வேறு.

இவ்வால்வு சில என்ஜின்களில் தலையிலும், சிலவற்றில் கிண்ணத்திலோ நடுப் போல்ட்டிலோ இருக்கும். பின்னதாயின், கிண்ணத்தைக் கழற்றி எறியும்போது வால்வும் உடன் போய்விடுகிறது. அப்போது உள்ளே வால்வுள்ள டப்பாவையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். தலையிலேயே வால்வு இருந்தால், உற்பத்தியாளர் அதற்கெனக் குறிப்பிட்ட வடிகட்டியை உபயோகிப்பதே முறை. இரண்டிடத்திலும் வால்வு இல்லாத என்ஜின், அடைத்த வடிகட்டியோடு ஓடும் நாளில் தானே தன்னை அழித்துக்கொள்ளும்.

(5) திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர். டப்பா வாய் மேல்நோக்கி நேராகத் தொங்கினால், என்ஜின் நின்றபின்பும் எண்ணெய் பெரும்பாலும் அதிலேயே தங்கும். பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பொருத்தினால், இரவில் எண்ணெய் வடிந்து டப்பா காலியாகிவிடும். காலையில் என்ஜினை எடுத்ததும், டப்பா நிரம்பும் வரையில் பேரிங்குகள் எண்ணெயின்றிச் சுழலும். நாள்தோறும் நிகழும் இந்தச் சிறு தேய்மானம் ஆண்டுக் கணக்கில் பெரிதாகும். ஆகையால் சாய்த்துப் பொருத்தும் இடங்களில், உள்ளே தடுப்பு ரப்பருள்ள டப்பாவே ஏற்றது. டர்போ உள்ள என்ஜினுக்கு இது இன்னும் அவசியம்.

இவ்வைந்தையும் கண்டபின், தேர்ந்தெடுத்த வடிகட்டியின் எண்ணை ஒரு தகட்டில் எழுதி வண்டியில் பொருத்திவைத்தல் நலம். அடுத்த முறை வேறொரு பட்டறையில், “இதுவும் ஏறுகிறது” என்று வேறு டப்பாவைப் பூட்டிவிடாதிருக்க அது உதவும். நம்பகமான கடையில் ரசீதுடன் வாங்குவதே உசிதம். போலிச் சரக்கின் காகிதமும் வால்வும் எவ்வாறிருக்கும் என்பதை வெளித்தகரம் காட்டாது.

பொருத்தும் முறை

வேலையைத் தொடங்குமுன், என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில், மெதுவாக ஓடும்போதும் வேகமாக ஓடும்போதும் ஆயில் பிரஷர் மீட்டர் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க இக்குறிப்பே ஆதாரம்.

எண்ணெய் வெதுவெதுப்பாயிருக்கையில் சம்பின் அடி மூடியைத் திறந்து முழுவதும் வடியவிடுக. கிண்ணத்தைக் கழற்றியபின், தலையின் பள்ளத்திலுள்ள பழைய ரப்பரை மரக்குச்சியாலோ பித்தளை ஊசியாலோ நெம்பி எடுக்க வேண்டும். இரும்புக் கூரால் கீறினால் பள்ளத்தில் வடு விழுந்து பிறகு கசியும். ஒரு வளையம் வந்தபின்பும் அதனடியில் மற்றொன்று இருக்கிறதா என்று பார்த்தல் அவசியம். எண்ணெய்த் துளைகளைத் துணியால் அடைத்து, தலையைத் துடைத்து, பின் துணியை மறவாமல் எடுத்துவிட வேண்டும். நூல் பிரியும் கழிவுப் பஞ்சை இதற்கு உபயோகிக்கலாகாது.

இடைத் தகட்டைப் புதிய வளையத்தோடு வைத்து, மரைக்குழாயை இறுக்குக. டப்பாவைக் கழற்றும்போது மரைக்குழாயும் உடன் சுழன்று வந்துவிடாதிருக்க, அதற்கு மரை ஒட்டும் பசையோ பூட்டு நட்டோ போடுதல் வேண்டும். லேத்தில் கடைந்த தகட்டில் பிசிறும் இரும்புத்தூளும் இல்லாதபடி மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றால் ஊதியிருக்க வேண்டும். வடிகட்டிக்கு அப்பால், பேரிங்குப் பக்கத்தில் தங்கிய தூளை எந்த வடிகட்டியும் பிடிக்காது; அது நேரே பேரிங்குக்குள் போகும்.

டப்பா வாய் மேல்நோக்கி நிற்கும் இடமாயின், சுத்தமான புதிய எண்ணெயை முன்னதாகவே அதில் ஊற்றலாம். ஓரத்துத் துளைகளின் வழியாக ஊற்றுதல் நன்று. நடுத்துளையில் ஊற்றினால் எண்ணெயிலுள்ள தூசு வடிகட்டப்படாமல் செல்லும். ரப்பர் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, டப்பாவைக் கையால் முறுக்கி, வளையம் தளத்தைத் தொட்டபின் சுமார் முக்கால் சுற்று இறுக்க வேண்டும். டப்பாவின்மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுக. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் வளையம் நசுங்குவதோடு, அடுத்த முறை கழற்றுவதும் வருத்தமாகும். டப்பாவுக்கும் சட்டத்துக்கும், ஸ்டியரிங் கம்பிக்கும், ஸ்டார்ட்டருக்கும் நடுவே என்ஜின் குலுங்கினாலும் இடிக்காத இடைவெளி இருக்கிறதா என்று நோக்குக.

எண்ணெயை அளவாக ஊற்றியபின், டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்தவாறே ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றி, பிரஷர் மீட்டரின் முள் எழும் வரை பார்த்து, அதன் பிறகே என்ஜினை ஓடவிட வேண்டும். மெதுவாக ஓடும்போதே வளையத்தைச் சுற்றிக் கசிவு தெரிகிறதா என்று விளக்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். பின் நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து அளவுக் கம்பியைப் பார்த்து, டப்பா உண்ட எண்ணெயை ஈடு செய்க. புதிய டப்பா பழைய கிண்ணத்தைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்குமாதலால், பழைய லிட்டர்க் கணக்கை நம்பாமல் கம்பியின் குறியையே நம்ப வேண்டும்.

பொருத்திய பின் கவனிப்பு

என்ஜின் சூடேறியதும் பிரஷர் மீட்டரை மறுபடி பார்த்து, முன்பு குறித்த அளவோடு ஒப்பிட வேண்டும். குறைந்திருந்தால் ஓட்டத்தில் தடை இருக்கிறது என்று பொருள். வண்டியைச் சுமையேற்றி அனுப்பலாகாது. இங்கே நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. மீட்டருக்குச் செல்லும் குழாயோ கம்பியோ வடிகட்டிக்கு அப்பால், பேரிங்குப் பக்கத்தில் இணைக்கப்பட்டிருந்தால் மேற்சொன்ன சோதனை செல்லும். வடிகட்டிக்கு இப்பால், பம்புப் பக்கத்தில் இணைத்திருந்தால், பேரிங்குகள் வறண்டிருக்கும்போதும் முள் நல்ல அழுத்தத்தையே காட்டும். எங்கே இணைத்திருக்கிறது என்பதை அறியாமல் மீட்டரை நம்புதல் கூடாது.

முதல் 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறையும், 500 கிலோமீட்டரில் மற்றொரு முறையும் கசிவைச் சோதிக்க வேண்டும். நெடுநாள் அழுக்கேறிய என்ஜினாயின், முதல் டப்பாவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுவது நல்லது. அதன்பின் உற்பத்தியாளர் சொன்ன கணக்குப்படி எண்ணெயையும் வடிகட்டியையும் ஒன்றாகவே மாற்றிவர வேண்டும். ஓரிடத்தில் நிறுத்திக் கம்ப்ரஸருக்கோ ஜெனரேட்டருக்கோ ஓட்டும் என்ஜினுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. மணிக்கணக்கு வைத்தல் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கொண்டால், 250 மணி நேர ஓட்டம் 10,000 கிலோமீட்டருக்குச் சமம். வண்டி நகரவில்லை என்பதனால் எண்ணெய் தேயவில்லை என்றாகாது.

காற்று வடிகட்டியையும் மறக்கலாகாது. பழைய லாரிகள் பலவற்றில் அடியில் எண்ணெய் ஊற்றிவைக்கும் காற்று வடிகட்டி இருக்கிறது. புழுதிக் காலத்தில் அவ்வெண்ணெய் சேறாகிவிடும். அதை அடிக்கடி கழுவி மாற்றாமல், எண்ணெய் வடிகட்டியை மட்டும் புதிதாக்குவது, மடையைத் திறந்துவிட்டுக் கடைமடையில் தண்ணீரை இறைப்பது போலாகும்.

கழிவெண்ணெயைப் பற்றி

கழற்றிய டப்பாவில் எண்ணெய் கணிசமாகத் தங்கியிருக்கும். அதைச் சூடாயிருக்கும்போதே கவிழ்த்து, ஓர் இரவு முழுவதும் வடியவிட்டு, வடிந்ததைக் கழிவெண்ணெயோடு சேர்க்க வேண்டும். அந்தக் கழிவெண்ணெயை வாய்க்காலிலோ வரப்போரத்திலோ கொட்டுவது பெரும் தீங்கு. தோல் பதனிடும் தொழிலின் கழிவினால் நிலத்தடி நீர் கெட்ட கிராமங்கள் திண்டுக்கல்லைச் சுற்றி உண்டு. ஒருமுறை கெட்ட கிணறு திருந்த எத்தனை ஆண்டு செல்லும் என்பதை இவ்வட்டாரத்தார் அனுபவத்தில் அறிவர். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெயைப் பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர்ப்பிப்பதே முறை. மரத்தூணுக்கும் வண்டி அச்சுக்கும் பூசுவது பழைய பழக்கமாயினும், அவ்வெண்ணெய் தோலில் நெடுநாள் பட்டால் புற்றுநோய்க்கும் இடமுண்டு. ஆகவே கையுறை போட்டு வேலை செய்வதும், வேலை முடிந்தபின் சோப்பினால் கழுவுவதும் வழக்கமாக வேண்டும்.

முடிவு

டப்பா வடிகட்டி என்ஜினுக்குப் புது ஆயுள் தரும் மருந்தன்று. பூட்டும் பிழையைக் குறைப்பதும், எளிதில் கிடைப்பதும், கை அழுக்காகாமல் சில நிமிஷங்களில் மாற்றக்கூடியதாயிருப்பதுமே அதன் குணங்கள். பிற்கால மாதிரியின் தலை கிடைத்தால் அதைப் பொருத்துக. கிடையாவிடில் திசை, துளை, மரை, வால்வு, தடுப்பு ரப்பர் ஆகிய ஐந்தையும் அளந்தறிந்து இடைத் தகடு செய்துகொள்க. ஐந்தில் ஒன்று ஐயமாயினும் கிண்ணத்தையே வைத்துக்கொண்டு, அதற்குப் புதிய வளையமும் நல்ல துண்டும் போடுக. அறுவடை நெருங்கிச் சந்தைக்கு வண்டி வேண்டியிருக்கும் நாட்களில் இவ்வேலையைத் தொடங்காமல், வண்டி ஓய்ந்திருக்கும் மாதத்தில் செய்துமுடித்து, ஒரு வாரம் சுமையின்றி ஓட்டிப் பார்த்தபின் பாரம் ஏற்றுவதே விவேகமாகும்.